ஒரு வெடியும் தீராமல் யாழ்ப்பாணக் கோட்டை கைமாறியது தெரியுமா?

ஐரோப்பியப் போர் என்றதும் நெப்போலியன் நினைவுக்கு வருவான். 1813இல் லைப்சிக்கில் நான்கு நாள் நடந்த பெருஞ்சமரும் நினைவுக்கு வரும். ஆனால் அதே ஐரோப்பியர் நம் பண்ணைக் கடலோரத்தில், நம் கோட்டைக்காக, மூன்று மாதத்துக்கு மேல் தங்களுக்குள்ளேயே முற்றுகைப் போர் நடத்தினார்களே, தெரியுமா?

ஆண்டு 1658. கொழும்பு ஏற்கெனவே ஒல்லாந்தர் கையில். மன்னாரும் பெப்ரவரியில் விழுந்துவிட்டது. போர்த்துக்கேயருக்கு இலங்கையில் மிஞ்சியது யாழ்ப்பாணம் மட்டுமே. றிக்ளொவ் வான் கூன்ஸ் என்ற தளபதி படையோடு வந்து கோட்டையை வளைத்தான். அப்போது அது இன்று நாம் பார்க்கும் ஐங்கோணக் கோட்டை அல்ல. போர்த்துக்கேயர் கட்டிய சாதாரண நாற்சதுரக் கோட்டை. அதற்குள் படையாட்கள் மட்டுமா இருந்தார்கள்? குடும்பங்கள், பாதிரிமார், அடைக்கலம் தேடி ஓடிவந்தவர்கள் என்று ஒரே நெரிசல்! வெளியே பீரங்கி, உள்ளே பசியும் நோயும். அப்படியிருந்தும் மார்ச்சில் தொடங்கிய முற்றுகையை ஜூன் பிற்பகுதி வரை தாக்குப்பிடித்தார்கள்.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலில் நிற்கிறதே கடற்கோட்டை, அதே போரில் அது எப்படி விழுந்தது தெரியுமா? தண்ணீரால்! நாலாபுறமும் உப்புக்கடல். உள்ளே இருந்தவர்களுக்குச் சேமித்து வைத்த நன்னீர்தான் உயிர். ஒல்லாந்தர் அந்த நீர்த்தொட்டியை உடைத்துவிட்டார்கள். இரண்டு கிழமைதான், கதவு திறந்துவிட்டது. தீவகத்தில் கோடையில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அலைந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் நமக்கு எழுதி வைத்தவர் யார்? ஒல்லாந்தப் படையோடு கூடவே வந்த போதகர் பிலிப்பஸ் பல்தேயஸ். 1672இல் வெளியான அவருடைய பெரிய நூலில் யாழ்ப்பாணத்துக் கோயிற்பற்றுகள் ஒவ்வொன்றும் வருகின்றன, படங்களோடு! கோட்டை பிடிபட்ட சில மாதங்களில் ஒல்லாந்தரைக் கொல்ல ஒரு சதி நடந்ததையும், அகப்பட்டவர்களைக் கொடூரமாகக் கொன்றதையும் அவர் சொல்கிறார். கூத்து மேடையில் நம்மவர் கண்ணீர் விட்டுப் பார்த்த பூதத்தம்பி கதையை அந்தச் சதியோடு இணைத்துப் பேசுவோரும் உண்டு.

பிடித்த கோட்டையை ஒல்லாந்தர் அப்படியே வைத்திருக்கவில்லை. இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். உள் வாயிலில் 1680 என்ற ஆண்டைப் பார்க்கலாம். ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து, சீலாந்து, உட்ரெக்ட் என்று தங்கள் ஊர் மாகாணங்களின் பெயர்கள். கல் மட்டும் நம் கடலின் முருகைக்கல்! மதிலுக்குக் கிட்டப் போய் உற்றுப் பாருங்கள்: சுண்ணச்சாந்து உதிர்ந்த இடங்களில் பவள உயிரிகளின் வரிவரியான வளைவுகள் அப்படியே தெரியும். அந்தக் கல்லைச் சுமந்த கைகளில் எத்தனையோ கைகள் கூலி வாங்காத ஊழியக் கைகள். மதிலின் அழகைப் புகழும்போது அவர்களை நினைக்காமல் எனக்குப் புகழ முடிவதில்லை.

உள்கோட்டை முடிந்தும் வேலை நிற்கவில்லை. வெளி அரண்கள் 1792இல்தான் முடிந்தன. ஆசியாவின் மிகப் பலமான கோட்டைகளில் ஒன்று என்று பெயரெடுத்த கோட்டை, முழுமையாகி மூன்றே ஆண்டுகளில் ஒரு வெடியும் தீராமல் கைமாறியது!

காரணம் எங்கே இருந்தது தெரியுமா? ஒல்லாந்து தேசத்து ஆறுகளில்! 1795 ஜனவரியில் அங்கே கடுங்குளிர். ஆறுகள் உறைந்தன. பிரெஞ்சுப் படை பனிக்கட்டியின் மேலேயே நடந்து நாட்டுக்குள் புகுந்தது. கடலில் பனிக்கட்டிக்குள் இறுகி நின்ற ஒல்லாந்தக் கப்பல்கள்கூடக் குதிரைப்படையிடம் சிக்கின. கப்பலைக் குதிரைப்படை பிடித்த கதையை வேறெங்கே கேட்டிருக்கிறோம்? ஒல்லாந்தின் அதிபதி ஐந்தாம் வில்லியம் மீன்பிடி வள்ளமொன்றில் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். கியூ என்ற இடத்திலிருந்து, ஒல்லாந்தக் குடியேற்றங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார்: ஆங்கிலப் படையை உள்ளே விடுங்கள்!

கொழும்பில் இருந்த ஆளுநர் வான் அங்கெல்பெக் தயங்கினார். ஆங்கிலேயர் காத்திருக்கவில்லை. ஓகஸ்டில் திருகோணமலையைப் பீரங்கியால் பிடித்தார்கள். கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் பருத்தித்துறையில் இறங்கினார். செப்டெம்பர் 28ஆம் திகதி யாழ்ப்பாணக் கோட்டை சரணடைந்தது. பசியில் கிடந்த பழைய நாற்சதுரம் மூன்று மாதம் நின்றது. நூற்றாண்டுக்கு மேல் செதுக்கிய ஐங்கோணம் ஒரு நாளும் நிற்கவில்லை.

இன்னொன்று! கொழும்பில் ஒல்லாந்தருக்காகக் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் படைப்பிரிவு ஒன்று இருந்தது. டி மியூரோன் படை என்று பெயர். அதன் உரிமையாளரான பிரபுவை சுவிட்சர்லாந்திலேயே போய்ப் பிடித்துப் பேசி, முழுப் படையையும் ஆங்கிலேயர் பக்கம் திருப்பியவர் ஹியூ கிளெக்ஹோர்ன். படைத்தளபதியா? இல்லை, ஸ்கொட்லாந்தில் வரலாறு படிப்பித்த பேராசிரியர்! கொழும்பில் இருந்த பிரபுவின் தம்பிக்கு அந்தச் செய்தி ஒல்லாந்துப் பாற்கட்டி ஒன்றுக்குள் ஒளித்து அனுப்பப்பட்டதாகச் சொல்வார்கள். பாதுகாவல் கரைந்த கொழும்பு 1796 பெப்ரவரியில் பணிந்தது.

1802இல் அமியன் உடன்படிக்கையில், பிடித்த ஒல்லாந்தக் குடியேற்றங்களையெல்லாம் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்ட பிரித்தானியா, இலங்கையை மட்டும் விடவில்லை. பிரான்சில் ஒரு மேசையில் வைத்த கையெழுத்துத்தான் யாழ்ப்பாணத்தை அடுத்த 146 ஆண்டுகளுக்கு ஆங்கிலேயரிடம் கட்டிப்போட்டது. இங்கே யாரையும் யாரும் கேட்கவில்லை.

அந்த சுவிஸ் படை பிறகு எங்கே போனது என்று கேட்கிறீர்களா? 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நின்றது. 1813இல் அமெரிக்கரோடு போரிடக் கனடாவுக்குக் கப்பலேறியது. கலைக்கப்பட்டதும் அதன் ஆட்கள் சிலர் செவ்வாற்றங்கரையில், இன்றைய வின்னிபெக் பக்கம், குடியேறினார்கள். நம் பிள்ளைகள் கனடாவுக்குப் போவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியே, இலங்கையில் காவல் நின்ற படையின் ஆட்கள் அங்கே போய் நிலம் கேட்டு நின்றிருக்கிறார்கள்!