கட்டுவிரியனா? வெள்ளிக்கோல் வரையனா?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்

2024ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில் ஓரிரவு. புதுக்கோட்டை மாவட்டத்தில், கண்மாய்க் கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் எங்கள் ஓட்டுவீடு இருக்கிறது. அன்று மின்சாரம் நின்றுபோய் ஒரு மணி நேரமாயிற்று. அப்பத்தா திண்ணையில் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். சோறு எடுக்க அடுக்களைக்குள் போன தங்கை போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அண்ணே, செவத்துல பாம்பு!"

கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, காரை பெயர்ந்த இடத்தைப் பற்றிக்கொண்டு தொங்கியது ஒரு பாம்பு. கரும்பழுப்பு உடம்பு, அதில் வெள்ளை வெள்ளையாய்ப் பட்டைகள். என் பின்னால் வந்த சித்தப்பாவின் கையில் கம்பு இருந்தது.

"கட்டுவிரியன்டா. தள்ளு."

"கொஞ்சம் பொறுங்க சித்தப்பா. என்ன பாம்புன்னு பாத்துக்கிறேன்."

"பார்க்க என்ன இருக்கு? படிச்ச பிள்ளை பேசுற பேச்சா இது?"

சொல்லி முடிப்பதற்குள் அடி விழுந்துவிட்டது. "ரெண்டு கை நீளம் இருக்கும்" என்று மறுநாள் காலைவரை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பெரியம்மா இறந்துபோனார். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வயிற்றை வலிக்கிறது என்றார். ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் கண்ணிமை தானாக மூடியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள். பேச்சுக் குழறியபோதுதான் பயம் வந்து வண்டி தேடினார்கள். மருத்துவமனை போய்ச் சேருமுன் மூச்சு நின்றுவிட்டது. பொழுது விடிந்து பாயைச் சுருட்டியபோது, சுவரோரம் அரிசி மூட்டைக்கு அடியில் சுருண்டு கிடந்தது கட்டுவிரியன். உடம்பில் கடிவாய் எங்கே என்று தேடியும் யாருக்கும் தெரியவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் பட்டை போட்ட பாம்பு எதுவானாலும் அதற்குப் பெயர் ஒன்றுதான், தீர்ப்பும் ஒன்றுதான்.

மறுநாள் அந்தப் பாம்பைக் குச்சியால் தள்ளி ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் இட்டுக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது எனக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். எங்கள் துறைப் பேராசிரியர் புட்டியைப் பார்த்ததும் கேட்ட முதற்கேள்வி, "கையால் தொட்டாயா?" என்பது. செத்த பாம்பின் தலைகூடச் சில நேரம் அனிச்சையாகக் கடித்துவிடும்; விரியன் வகைகளில் அப்படிக் கடிபட்டவர்கள் உண்டு. இடுக்கியால் எடுத்துத் தட்டில் நீட்டி வைத்து, என் கையில் லென்சைக் கொடுத்து, "நீயே சொல், பார்ப்போம்" என்று விலகி நின்றார்.

நான் முதலில் நிறத்தைச் சொன்னேன். அவர் தலையசைக்கவில்லை. "நிறம் விளக்கு வெளிச்சத்தில் மாறும், தோலுரிக்கும் நாளில் மங்கும், வயதாக ஆக வேறாகும். செதிலைப் பார்" என்றார்.

நண்பர்களே, பாம்பின் மேனியில் உள்ள செதில்கள் ஏதோ தாறுமாறாக ஒட்டியவை அல்ல. ஒவ்வோர் இனத்துக்கும் வரிசையும் எண்ணிக்கையும் ஓர் ஒழுங்கில் அமைந்தவை. கட்டுவிரியனின் நடுமுதுகில், கழுத்து முதல் வால்வரை ஓடும் ஒரு வரிசை மட்டும் அறுகோண வடிவில், பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக இருக்கும். என் தட்டில் கிடந்த பாம்பில் அப்படி இல்லை. முதுகிலும் பக்கத்திலும் எல்லாம் ஒரே அளவு. உடம்பின் நடுவில் குறுக்காக எண்ணிப் பார்த்தேன். பதினேழு வந்தது. கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் பதினைந்து. பிறகு புரட்டிப்போட்டு வாலின் அடிப்பக்கம் பார்க்கச் சொன்னார். கட்டுவிரியனுக்கு அங்கே ஒற்றைச் செதில்கள், ஏணிப்படிபோல ஒன்றன்கீழ் ஒன்றாக. இதற்கோ நடுவில் பிளந்து இரண்டிரண்டாக இருந்தன. கடைசியாக முகம். மூக்கை ஒட்டிய செதிலுக்கும் கண்ணின் முன்னுள்ள செதிலுக்கும் இடையில் ஒரு சிறு செதில் தெரிந்தது. நாகம், கட்டுவிரியன் ஆகியவை அடங்கிய குடும்பத்தில் எந்தப் பாம்புக்கும் அந்த இடத்தில் செதில் கிடையாது.

ஆக, சித்தப்பா அடித்தது கட்டுவிரியன் அல்ல. லைகோடான் ஆலிகஸ் என்று அறிவியலார் அழைக்கும் ஓநாய்ப் பாம்பு. தமிழில் வெள்ளிக்கோல் வரையன் என்று இதற்கு அழகான பெயர் இருக்கிறது. வெள்ளிக்கோல் என்பது பழைய நாளில் வணிகர் கையிலிருந்த நிறைகோல். அந்தக் கோலில் எடையைக் குறிக்கக் குறுக்கே வரைகள் இருக்கும். பாம்பின் மேலுள்ள பட்டைகளைப் பார்த்தவனுக்குத் தராசு நினைவு வந்திருக்கிறது! லைகோடான் என்பது 'ஓநாய்ப் பல்' என்று பொருள்தரும் கிரேக்கச் சொற்களால் ஆனது. இதன் முன்வாயில் சில பற்கள் நாயின் கோரைப்பல்போல் நீண்டிருக்கும். அவை நச்சுப் பற்கள் அல்ல. வழுக்கும் பல்லியையும் அரணையையும் இறுகப் பிடிப்பதற்கானவை. பல்லி இருக்கும் சுவரில் இது இருப்பதும், ஓட்டு இடுக்கில் ஏறுவதும் அதனால்தான். 1758இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டபோது இட்ட ஆலிகஸ் என்ற சொல் முற்றம், அரண்மனை என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் அடுக்களையை அரண்மனை என்று ஒப்புக்கொண்ட ஒரே உயிர் அதுதான் போலும்.

கட்டுவிரியன் என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இரண்டும் உண்மையான விரியன் குடும்பத்தவை. கட்டுவிரியனுக்குப் பெயரில்தான் விரியன், உறவு நல்லபாம்போடு. ஷ்னைடர் என்ற செர்மானிய அறிஞர் 1801இல் இதை விவரித்தார். இன்று பங்காரஸ் செருலியஸ் என்கிறோம். எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். கடிபட்டவன் எட்டடி நடப்பதற்குள் விழுவான் என்பது நம்பிக்கை. உண்மை இதற்கு நேர்மாறானது, அதனாலேயே கொடியது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. எட்டடி என்ன, எண்பதடியும் நடக்கலாம். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, இமை சரிதல், விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல் என்று வந்து கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இதன் நஞ்சு நரம்பு முனைகளையே கெடுக்கிறது. கெட்டபின் நச்சுமுறி மருந்து ஏற்றினாலும் அவை உடனே மீள்வதில்லை. நோயாளியை மூச்சுக்கருவியில் நாட்கணக்கில் வைத்துக் காக்க வேண்டியதாகிறது. இதைப் பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குப் பெரியம்மாவுக்குக் கொடுத்த ஓமத்தண்ணீர்தான் கண்ணில் நின்றது.

செத்த பாம்பைத் தட்டில் வைத்து எண்ணலாம். உயிருள்ள பாம்பிடம் "சற்று வாலைத் தூக்கு" என்று கேட்க முடியுமா? தூரத்திலிருந்தே பார்க்கத்தக்க அடையாளம் எது என்று கேட்டேன். பட்டை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கச் சொன்னார். வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்திலேயே முதற்பட்டை பளிச்சென்று, காலர்போல் இருக்கும். போகப்போக மங்கி வால்பக்கம் மறைந்துவிடும். பட்டைகள் அகலமானவை, விலாவில் கிளைத்துப் பிரிபவை. கட்டுவிரியனுக்குத் தலையும் கழுத்தும் வெறுங்கருப்பு. பட்டைகள் சற்றுத் தள்ளித் தொடங்கி வால்நுனி வரை போகும்; மெல்லியவை, பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்தவை. மேனி எண்ணெய் தடவியதுபோல் நீலக்கருப்பாய் மின்னும். இவ்வளவு சொல்லிவிட்டு, "ஆனால் கட்டுவிரியன் குட்டிக்கு முன்பக்கமும் பட்டை தெளிவாக இருக்கும். கிழட்டுப் பாம்புக்குப் பட்டையே தெரியாமலும் போகும். ஒரே அடையாளத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லாதே. நடுமுதுகுச் செதில் பெரிதாயிருப்பது கொம்பேறிமூக்கனுக்கும் உண்டு" என்றார். அந்தப் பிற்பாதியை நான் அவ்வளவாக மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஊருக்குப் போனதும் பெரிய அறிஞனாகிவிட்டேன். வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்து, நம் வீட்டுக்கு வருவது வெள்ளிக்கோல் வரையன், நஞ்சில்லாதது, அடிக்காதீர்கள் என்று பேசினேன். தங்கைதான் மிகவும் ஆர்வமாகக் கேட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் பெருகி, வீட்டின் பின்புறம் நீர் தேங்கி நின்ற ஓரிரவு, விறகு எடுக்கப் போன தங்கை, "அண்ணே, உன் வெள்ளிக்கோல் வந்திருக்கு" என்று சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தாள். நான் போய்ப் பார்த்தபோது விறகடுக்குக்கு இரண்டு முழத் தூரத்தில் குந்தியிருந்தாள். அடுக்கின் அடியில், ஈரத்துக்கு ஒதுங்கி, மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. விளக்கொளி பட்டதும் அதன் மேனி நனைந்த கருங்கல்போல் மின்னியது. கழுத்தைத் தேடினேன், காலர் இல்லை. தலையும் கருப்பு, அதை அடுத்து ஒரு சாண் நீளமும் கருப்பு. அதற்கப்பால் நூல்போல வெள்ளைக் கோடுகள், இரண்டிரண்டாக, வால்நுனி வரை. நீளம் மூன்றடிக்குமேல் இருக்கும். வெள்ளிக்கோல் வரையன் பெரும்பாலும் ஒன்றரை அடிதான்.

தங்கையின் சடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவள் இன்றும் அதற்காக என்னோடு சண்டையிடுகிறாள்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. அவளை அவ்வளவு நெருங்கிப் போகவைத்தது என் சொற்பொழிவுதான். ஒன்றும் தெரியாமல் எல்லாப் பாம்புக்கும் அஞ்சிய வீட்டில் பெரியம்மாவுக்குப் பின் யாரும் கடிபடவில்லை. அரைகுறையாகத் தெரிந்துகொண்ட ஒரே மாதத்தில் ஒருத்தி கடிபட இருந்தாள். சித்தப்பா கம்பை எடுக்கப் போனபோது அப்பத்தாவே தடுத்து, "இருட்டுல கம்பால தேடாதே, அது எங்க இருக்குதுன்னு மட்டும் பாத்துக்கிட்டு நில்லு" என்றார். தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசி செய்தோம். வந்தவர்கள் கொக்கிக் கம்பியால் தூக்கிச் சாக்கில் இட்டுக்கொண்டு போனார்கள். கால் மணி நேர வேலை.

பின்பு இதைப் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. இருளர்களைப் பற்றிச் சொன்னார். மண்ணிலுள்ள தடத்தையும் உரித்துப்போட்ட சட்டையையும் பார்த்தே எந்தப் பாம்பு என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் நஞ்செடுத்துக் கொடுக்கிறது. நச்சுமுறி மருந்து செய்ய அது பயன்படுகிறது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாய் வந்த கண் அது. ஒரு பிற்பகலில் லென்ஸ் பிடித்தவனுக்கு வந்துவிடுமா?

கடிபட்டபின் பாம்பின் இனத்தைக் கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டுமா என்று என் வகுப்புத் தோழர்கள் கேட்டார்கள். வேண்டியதில்லை. பாம்பைத் தேடிப் பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோவதில் நேரம்தான் வீணாகும். இன்னொருவர் கடிபடவும் கூடும். நம் நாட்டு நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே செய்யப்படுகிறது. குறிகளைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். நம் வேலை கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, இறுக்கிக் கட்டாமல், கீறாமல், உடனே அரசு மருத்துவமனைக்குப் போவது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்திருப்பர் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். தமிழ்நாட்டில் 2024 முதல் பாம்புக் கடியை மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் தரையில் படுப்பதில்லை. அப்பத்தாவுக்குக் கயிற்றுக்கட்டில் வந்துவிட்டது. "முதுகு வலிக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் படுக்கிறார். தங்கைக்குக் கொசுவலை. அதை விரிப்புக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் கொசுவோடு கட்டுவிரியனும் வெளியே நிற்கும். விறகடுக்கு வீட்டுச் சுவரைவிட்டுத் தள்ளிப் போயிற்று.

அந்த வெள்ளிக்கோல் வரையன் இன்று எங்கள் துறைக் காட்சியறையில் ஃபார்மலின் புட்டியில் இருக்கிறது. கல்விக்கட்டணம் கட்ட என்னோடு வந்த சித்தப்பாவை அழைத்துப் போய்க் காட்டினேன். புட்டியைக் கையில் வாங்கிச் சன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவாடா அது? அன்னைக்கு ரெண்டு கை நீளம் இருந்துச்சேடா!"

ஒட்டியிருந்த சீட்டில் நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். நீளம்: 46 சென்டிமீட்டர். சேகரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் எழுதியிருந்தேன். அதை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.