கல்யாணம் செய்தால் வேலை போகுமா?

பிலிப்பைன்ஸில் ஸ்டார் பேப்பர் என்ற காகித நிறுவனம் 1995-இல் ஒரு விதி போட்டது. உடன் வேலை பார்க்கும் இருவர் பழகித் திருமணம் செய்துகொண்டால் அவர்களில் ஒருவர் ராஜினாமா செய்ய வேண்டும். அப்படி வேலையை விட்டவர்களில் ஒருவர் காகிதத் தாள் இயந்திரத்தை ஓட்டியவர். அவர் மணந்த பெண் சரக்கை மறுபடி பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தார். இன்னொருவர் உதவியாளராக இருந்த பெண். அவர் கணவர் வெட்டு இயந்திரத்தில் உதவியாள். கீழ்நிலைத் தொழிலாளர் தீர்ப்பாயங்கள் முதலாளி பக்கம் நின்றன. மேல்முறையீட்டில் நிலைமை மாறியது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் தொழிலாளர்களுக்கே நியாயம் சொன்னது. இந்தக் கல்யாணங்களால் வியாபாரத்துக்கு என்ன கேடு என்று நிறுவனம் காட்டவே இல்லை, தம்பதியர் ஒழுங்காக வேலை செய்யமாட்டார்கள் என்ற பயத்தை மட்டும் வைத்து ஒருவரின் பிழைப்பைப் பறிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்த விதியின் ஓட்டை அதன் வாசகத்திலேயே இருக்கிறது. பழகும்வரை இருவருக்கும் வேலை உண்டு. தாலியோ மோதிரமோ ஏறியதும் ஒருவருக்கு இல்லை. சலுகை காட்டுவார்கள் என்ற அச்சம் உண்மையென்றால், அந்த ஆபத்து காதலிக்கும்போதே வந்துவிடுகிறதே! ஒளிக்காமல் ஊரறியச் சேர்ந்தவர்களை மட்டும் தண்டிக்கிற விதி எதைக் காக்கிறது?

மனைவிக்குக் கணவனே மேலதிகாரியாக இருந்தால் சம்பள உயர்வில் நியாயம் இருக்குமா என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். அதற்கு மருந்து பணிமாற்றம், பணிநீக்கம் அல்ல. இந்தோனேசியாவில் அரசு மின் நிறுவன ஊழியர்கள் தொடுத்த வழக்கு இதைத் தெளிவாக்கியது. உறவைக் காரணம் காட்டி நீக்கக் கூடாது என்ற சட்டத்தில் ‘ஒப்பந்தத்தில் சொல்லியிருந்தால் தவிர’ என்றொரு விலக்கு இருந்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் 2017-இல் அதை நீக்கியது. வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டுவதைத் தடுக்க நிறுவனம் நல்ல நடத்தை விதிகளை வகுக்கலாம் என்றது. தொழில் ரகசியம் மட்டும் வேறு. கிளாக்ஸோ மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி போட்டி நிறுவன ஊழியரை மணந்த வழக்கில், 2004-இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் தடை செல்லும் என்றது. அங்கே இன்ன ஆபத்து என்று சுட்டிக்காட்ட முடிந்தது. முதலாளியிடம் நாம் கேட்பதும் அவ்வளவுதான்.

‘ஒருவர் போனால் போதும்’ என்பது காகிதத்தில் ஆண், பெண் இருவருக்கும் பொது. நடப்பு அப்படியல்ல. 1999-இல் தென் கொரிய வேளாண் கூட்டுறவு அமைப்பு ஆட்குறைப்பு செய்தபோது, அங்கே சேர்ந்து வேலை பார்த்த தம்பதியரில் 752 ஜோடிகளிலிருந்து தலா ஒருவர் விலகினார். விலகியவர்களில் 688 பேர் மனைவிமார். சம்பளம் குறைவாக இருப்பவர் விடுவது என்று வீட்டில் கணக்குப் போட்டால், பெரும்பாலும் பெண்ணின் வேலைதான் போகும். கையெழுத்திட்ட ராஜினாமாக் கடிதம் இருப்பதால் அது விருப்ப விலகலாகவே பதிவாகிறது. 2002-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவன வழக்கில் அந்தத் திரையை விலக்கியது. தம்பதியரை நெருக்கி வாங்கிய கடிதம் ராஜினாமா அல்ல, பணிநீக்கமே என்றது.