பழைய மின்சாரக் கித்தார் வாங்குமுன்

காவிரிப் பாசனத்தில் வாழும் நம் பங்குகளில் கிறிஸ்து பிறப்பு விழா வரும்போது சம்பாப் பயிர் இன்னும் வயலில்தான் நிற்கும். அறுவடைப் பணம் வீடு வந்து சேர்ந்திராது. அந்த மார்கழியில்தான் பாடற்குழு இளைஞர்கள், "ஆலயத்திற்கு ஒரு மின்சாரக் கித்தார் வேண்டும்" என்று கேட்டு நிற்பார்கள். புதியது வாங்க வசதியில்லாததால் பழையது ஒன்றைத் தேடுவார்கள். மகனுடைய ஆசைக்காகத் தாயின் தோடு அடகுக்குப் போகும் வீடுகளும் உண்டு. உழைப்பாளிக் குடும்பங்களின் வியர்வையால் வாங்கப்படும் பொருள் என்பதால், அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சீர்செய்வது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

அயல்நாட்டுக் கருவி ஆலயத்திற்குத் தகுமா?

இவ்வினாவிற்குத் தஞ்சையின் வரலாறே விடை கூறும். இன்று கர்நாடக இசைக் கச்சேரியில் இன்றியமையாத வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்த கருவியே. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் பெற்ற தேர்ச்சியைப் பாராட்டித் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். நம் காலத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆந்திரத்துப் பாலகொல்லுவில் 1969இல் பிறந்து 2014இல் மறைந்த உப்பலப்பு சீனிவாஸ், மின்சார மாண்டலினின் இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்தாவதாக ஒரு கம்பியையும் சேர்த்து, அதில் கமகங்கள் குழைய வாசித்தார். கருவியைத் தம் இசைக்கேற்பத் திருத்திக்கொண்டாரேயன்றி, இசையைக் கருவிக்கு அடிமையாக்கவில்லை.

திருச்சபையின் போதனையும் இதுவே. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குழலார்கனை உயர்வாக மதிப்பதோடு, வழிபாட்டிற்குத் தகுதியானவையும், ஆலயத்தின் மாண்பிற்கு ஒத்தவையும், இறைமக்களின் பக்தியை வளர்ப்பவையுமான பிற கருவிகளையும் அனுமதிக்கலாம் என்கிறது. ஆகவே கருவி எந்நாட்டது என்பதை விட, அது யாருக்குப் பணிபுரிகிறது என்பதே முதன்மையான கேள்வி.

பழையதும் பழைய பாணியும்

மின்சாரக் கித்தாரின் புகழ்பெற்ற வடிவங்கள் 1950களில் அமெரிக்காவில் பிறந்தவை. கிப்சனின் லெஸ் பால் 1952இலும், ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இலும் வெளிவந்தன. இன்று பல நாடுகளில் அவ்வடிவங்களைப் பின்பற்றிப் புதிய கித்தார்கள் செய்யப்படுகின்றன. இவை பழைய பாணிக் கருவிகளேயன்றிப் பழைய கருவிகள் அல்ல. மங்கிய வண்ணத்தையும் தேய்ந்த விளிம்பையும் காட்டிப் புராதனப் பொருளின் விலை கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. பாடற்குழுவிற்கு வேண்டியது நல்ல ஓசை. அருங்காட்சியகப் பொருள் அன்று.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கழுத்து. கித்தாரைக் கண்மட்டத்தில் நீட்டிப் பிடித்துத் தலைப்பக்கத்திலிருந்து நோக்குங்கள். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சிறிது வளைந்து மட்டும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கழுத்தினுள் செல்லும் இரும்புக் கம்பியின் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி அவ்வளைவைச் சரிசெய்யலாம். வலிந்து திருகினால் கம்பி முறியும், மரமும் பிளக்கும்.

அடுத்து மெட்டுகளைப் பாருங்கள். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் பதிந்தவை. மெழுகை இளக்கி அவற்றை மீண்டும் அமைக்கலாம். கித்தாரின் மெட்டுகளோ மரத்தில் அறைந்தவை. கம்பிகள் உராய்ந்து அவற்றில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய மெட்டுகள் பதிக்கும் செலவு கருவியின் விலையையே எட்டிவிடக்கூடும். ஒவ்வொரு மெட்டிலும் விரலை வைத்து மீட்டிக் கேளுங்கள். ஓசை அடைத்துப் போகும் இடங்களைக் குறித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

எதை முதலில் மாற்றுவது?

நல்ல மரமும் நேரான கழுத்தும் கிடைத்துவிட்டால் மற்றவற்றைச் சிறுகச் சிறுகச் சீராக்கலாம். முதற்செலவு புதிய கம்பிகள். அடுத்துக் குதிரையின் உயரத்தையும் கம்பிகளின் நீளத்தையும் சரிப்படுத்தச் சொல்லுங்கள். சுருதி நிற்காவிட்டால் கம்பி முறுக்கும் திருகுகளை மாற்றலாம். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று ஒலித்தால், பெரும்பாலும் தூசியே காரணம். துடைத்துச் சுத்தம் செய்வதே போதும்.

இவையெல்லாம் முடிந்தபின்தான் பிக்கப்பைப் பற்றி எண்ண வேண்டும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருளே பிக்கப்பு. எஃகுக் கம்பி அதன்மேல் அதிரும்போது சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஒற்றைச் சுருள், மின்விளக்குகளும் டிரான்ஸ்பார்மர்களும் பரப்பும் இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். இதற்கு மாற்றாக, கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இரு சுருள்களை இணைத்து இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் பிக்கப்பை உருவாக்கினார். வண்ண விளக்குகள் நிறைந்த விழாப் பந்தலில் வாசிப்போருக்கு இத்தகைய பிக்கப்பு உதவும். கழற்றிய பழைய பாகங்களை எறிந்துவிடாமல் ஒரு பையிலிட்டு வையுங்கள். பின்னர் விற்க நேர்ந்தால் அவற்றிற்கும் மதிப்புண்டு.

நம் பகுதியின் ஈரக்காற்றையும் மறவாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஈரத்தை இழுக்கும்; கம்பி துருவேறும். நாகையிலும் வேளாங்கண்ணியிலும் உப்புக்காற்று வேறு. வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, ஈரச் சுவரில் சாய்க்காமல் பெட்டியில் வைப்பது செலவில்லாத பராமரிப்பு.

உயிரைக் காக்கும் மூன்றாம் முள்

எல்லாவற்றிலும் மேலான செய்தி ஒன்றுண்டு. கித்தார் வாசிப்பவரின் விரல் எப்போதும் உலோகக் கம்பியின் மேல் இருக்கிறது; அக்கம்பி ஆம்பிளிபயரின் உலோகத்தோடு இணைந்துள்ளது. ஆம்பிளிபயருக்கு எர்த் இல்லாமல் மின்கசிவு ஏற்பட்டு, அவர் உதடு மைக்கில் பட்டால், மின்சாரம் உடலின் வழியே பாயக்கூடும். 1972இல் பிரிட்டனின் சுவான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞர் மைக்கைத் தொட்டபோது இவ்வாறே உயிரிழந்தார். 1976இல் கீத் ரெல்ஃப் என்ற பாடகர் தம் வீட்டிலேயே எர்த் சரியில்லாத கித்தாரால் மாண்டார்.

இரைச்சலைக் குறைக்கிறேன் என்று பிளக்கின் மூன்றாம் முள்ளை வெட்டிவிடும் வழக்கம் கொலைக்கு ஒப்பான அலட்சியம். திருவிழாத் தற்காலிக மின்இணைப்புகளையும் ஜெனரேட்டரையும் தகுதியுள்ள மின்பணியாளர் சோதித்தபின்பே பிள்ளைகள் கருவியைத் தொடட்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சை ஆலயத்தில் பொருத்துங்கள். பழைய வால்வு ஆம்பிளிபயர்களில் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிர்க்கொல்லி மின்அழுத்தம் தங்கியிருக்கும். அவற்றை வீட்டில் திறக்கவே கூடாது. அலங்காரச் செலவைக் குறைத்தேனும் இப்பாதுகாப்பைச் செய்தல் பங்குப் பேரவையின் கடமை.

பாட்டுக்குத் துணை

கருவி சீராகிவிட்டது. இனி அதை எப்படி வாசிப்பது? திருவழிபாட்டு இசை பற்றி 1967இல் உரோமை வெளியிட்ட அறிவுரை தெளிவாகச் சொல்கிறது: இசைக்கருவிகள் குரல்களைத் தாங்கலாம், ஆனால் பாடலின் சொற்கள் கேளாதபடி அவற்றை மூழ்கடித்தல் ஆகாது, குருவானவர் உரத்துச் செபிக்கும் நேரத்தில் கருவிகள் மௌனமாயிருக்க வேண்டும். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் நடுங்கும் குரல் அருகிலிருப்போருக்குக் கேட்கிறதா? கேட்டால் ஒலி அளவாக உள்ளது. கேளாவிட்டால் குமிழைக் குறைக்க வேண்டும்.

பெற்றோரே, பிள்ளைகள் கருவி கேட்டால் உடனே மறுத்துவிடாதீர்கள். உடனே கடனும் வாங்காதீர்கள். தை அறுவடை வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அதற்குள் அவர்கள் இரவல் கருவியில் நான்கு திருப்பாடல்களையேனும் பிழையின்றிப் பழகட்டும். பிறகு அவர்களோடு நீங்களும் சென்று கழுத்தைப் பாருங்கள், மெட்டைப் பாருங்கள், மூன்றாம் முள்ளைப் பாருங்கள். இவ்வாறு பொறுமையோடு தேர்ந்து, பழுது நீக்கிப் பேணப்படும் பழைய கித்தார், இறைவனைப் புகழும் மக்களின் குரலுக்குப் பல்லாண்டு துணைநிற்கும்.