பட்டாசுத் தொழிலாளிக்கு ஒரு சட்டை

விருதுநகர் மாவட்டத்துச் சாலைகளில் காலை வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் உள்ள பட்டாசு ஆலைகளுக்குத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் வரிசையாகச் செல்லும். அவற்றில் அமர்ந்திருக்கும் பெண்களில் பலர் சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். மருந்துத் தூள் மேலே படியாமலிருக்க அவர்களே கண்டுகொண்ட ஏற்பாடு அது. வீட்டில் யாரோ உடுத்திக் கழித்த சட்டை. அது என்ன துணி என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

அது என்ன துணி? சேலை எந்த இழையால் ஆனது? சட்டையில் பை இருக்கிறதா? இவை சாதாரணக் கேள்விகளாகத் தோன்றும். ஆனால் பட்டாசு ஆலையில் இவை உயிரைத் தொடும் கேள்விகள். இவற்றுக்கு விடை சொல்லும் அறிவியல் ஒன்று உண்டு. அதுதான் ஆடை வடிவமைப்பும் ஆடைத் தயாரிப்பும். பல்கலைக்கழகங்களில் பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படும் இத்துறையை, அழகான உடைகளைப் படம் வரையும் படிப்பு என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அந்த எண்ணம் சரிதானா என்பதை, ஒரே ஓர் உடையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பட்டாசுத் தொழிலாளிக்கு ஒரு சட்டை தைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

வறட்சி தந்த தொழில்

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று வந்து சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். பட்டாசுத் தொழில் அதன் பின் வளர்ந்தது. மழை குறைந்த, காற்று உலர்ந்த இந்த வானிலை இரண்டு தொழில்களுக்கும் ஏற்றதாக இருந்தது. மருந்து ஈரம் பிடிக்காது; வெயிலில் விரைவில் காயும்.

ஆனால் மருந்தைக் காயவைக்கும் அதே உலர்ந்த காற்று இன்னொன்றையும் செய்கிறது. அது நிலைமின்சாரத்தைத் தங்க வைக்கிறது. உலர்ந்த தலையில் பிளாஸ்டிக் சீப்பால் வாரிவிட்டு, அந்தச் சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டு போனால் அவை துள்ளி ஒட்டிக்கொள்ளும் அல்லவா? இரு பொருள்கள் ஒன்றோடொன்று உரசிப் பிரியும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலெக்ட்ரான்கள் தாவுகின்றன. ஒன்று நேர்மின்னேற்றமும் மற்றது எதிர்மின்னேற்றமும் பெறுகின்றன. நாம் நடக்கும்போதும், உட்கார்ந்து எழும்போதும், உடைக்கும் உடலுக்கும் இடையில் இது இடைவிடாது நடக்கிறது.

ஒரு கிராம் எடையும் ஒரு சாண் உயரமும்

இப்படிச் சேரும் மின்சாரம் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனித உடலை ஒரு மின்தேக்கி என்று கொள்ளலாம். அதன் தேக்குதிறன் சுமார் 200 பிக்கோ பாரட். உலர்ந்த நாளில், செயற்கை இழை உடையும் ரப்பர் செருப்பும் அணிந்தவரின் உடலில் 5,000 வோல்ட் ஏறுவது எளிது. தேக்குதிறனில் பாதியை வோல்ட்டின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும். விடை 2.5 மில்லி ஜூல்.

இது ஒரு கிராம் எடையை ஒரு சாணுக்குச் சற்று மேலே தூக்கத் தேவைப்படும் ஆற்றல். அவ்வளவே! விரல் நுனியிலிருந்து பொறியாகப் பாய்ந்தால் ஒரு சுருக் என்ற உணர்வோடு மறந்துவிடுவோம். ஆனால் பெட்ரோல் ஆவி கலந்த காற்றைப் பற்றவைக்க இதில் பத்தில் ஒரு பங்கே போதும். பட்டாசு மருந்துகள் கலவைக்குக் கலவை மாறுபடும். அவற்றுள் கூருணர்வு மிக்க சில கலவைகள் சில மில்லி ஜூல் அளவிலேயே பற்றிக்கொள்ளும். அலுமினியத் தூள் எவ்வளவு நுண்மையாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து கூடும்.

நூறு கிராம் பஞ்சில் ஏழு கிராம் தண்ணீர்

இப்போது துணிக் கடைக்குள் நுழைவோம். எந்த இழையைத் தேர்ந்தெடுப்பது?

பருத்தி இழை செல்லுலோசால் ஆனது. செல்லுலோஸ் மூலக்கூறில் தண்ணீரை ஈர்த்துப் பிடிக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய உண்டு. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடு இருக்கும்போது, உலர்ந்த பருத்தி நூறு கிராமுக்கு ஏழெட்டுக் கிராம் நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஈரம் வழியே மின்னேற்றம் கசிந்து வெளியேறிவிடும்.

பாலியெஸ்டர் அப்படியன்று. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த இந்த இழை, நூறு கிராமுக்கு அரைக் கிராம் நீரைக்கூட ஏற்பதில்லை. துவைத்தவுடன் காய்வதும், கசங்காமலிருப்பதும், விலை மலிவும் இதன் சிறப்புகள். ஆனால் ஈரமில்லாத அந்த இழையில் சேர்ந்த மின்னேற்றம் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். பாலியெஸ்டர் சேலை, நைலான் உள்பாவாடை, அதன் மேல் டெரிகாட்டன் சட்டை என்று அடுக்கடுக்காக அணிந்தால் உரசலும் மிகுதி. ஒன்றைக் கழற்றும் கணத்தில் எழும் வோல்ட்டும் மிகுதி.

ஆகவே முதல் விடை பருத்தி. மேலுடை மட்டுமன்று, உள்ளாடையும் பருத்தியாக இருக்க வேண்டும். ஆனால் பருத்தியை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. கடுங்கோடையில் காற்றின் ஈரப்பதம் மிகவும் குறையும்போது பருத்தியும் தன் ஈரத்தை இழந்து மின்கடத்தாப் பொருள்போல் நடந்துகொள்ளும். அப்போது உடலில் ஏறிய மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்ப வேறு வழி தேவை. அறைக்குள் நுழையும்முன் மண்ணோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொடுவதும், மின்கடத்தும் ரப்பர் விரிப்பின்மேல் அமர்வதும், தரையைத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைப்பதும் இதற்காகவே. சாதாரண ரப்பர் செருப்பு இந்த வழியை அடைத்துவிடுகிறது.

பருத்தியின் குறை

பருத்தியில் ஒரு பெருங்குறை உண்டு. அது எளிதில் எரியும்.

ஒரு துணி தொடர்ந்து எரிவதற்குச் சுற்றிலும் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் அளக்கிறார்கள். பருத்திக்கு 18 விழுக்காடு போதும். பாலியெஸ்டருக்கு 20 அல்லது 21. கம்பளிக்கு 25. தீயணைப்பு வீரர் உடைகளில் பயன்படும் அராமிட் இழைக்கு 28-க்கு மேல். காற்றில் இருப்பதோ 21 விழுக்காடு. எனவே பருத்தி நம் காற்றில் நன்றாகவே எரியும். அராமிட் தீயை விலக்கியதும் அணைந்துவிடும்.

அப்படியானால் பாலியெஸ்டர் பருத்தியைவிடச் சற்று மேலானதா? இல்லை. அது ஏறக்குறைய 255 டிகிரி செல்சியசில் உருகிப் பாகாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் புண் ஆழமாகும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி இன்னும் மோசம். உருகிய பாலியெஸ்டருக்குப் பருத்தி விளக்குத் திரிபோல் நின்று, அதை ஓடவிடாமல் பிடித்து எரியவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, மருந்தோ பட்டாசோ இல்லாத இடத்தில், துணியிலிருந்து ஒரே ஓர் இழையை உருவி இடுக்கியால் பிடித்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள். காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலானால் அது பருத்தி அல்லது ரேயான். சுருங்கி, உருகி, கரிய புகையோடு கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர். கடைக்காரர் சொல்லும் பெயரைவிட இந்தச் சோதனை நம்பகமானது.

பருத்தியின் குறையைப் போக்க வேதியியல் ஒரு வழி கண்டுள்ளது. 1950-களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர ஆய்வுக்கூடத்தில் பாஸ்பரஸ் சேர்மங்களைப் பருத்திக்குள் ஊட்டி நிலைநிறுத்தும் முறை உருவாயிற்று. வெப்பம் பட்டதும் செல்லுலோஸ் எரியும் வாயுவாகப் பிரிந்து போகாமல், கரியாகவும் நீராவியாகவும் மாறும்படி பாஸ்பரஸ் செய்துவிடுகிறது. கரி எரிய நேரமாகும். அந்தச் சில நொடிகளில் ஆள் வெளியே ஓடிவிடலாம். ஆனால் இத்துணி விலை கூடியது, சற்று விறைப்பானது. கடின நீரில் சோப்புப் போட்டுத் துவைத்தால் இழைகளின்மேல் எரியக்கூடிய சோப்புப் படிவு தங்கி, செய்த வேலையைக் கெடுத்துவிடும். எப்படித் துவைப்பது என்பதும் துணிப் படிப்பின் ஒரு பாடமே.

கத்தரிக்கோல் எடுக்கும்முன்

துணி கிடைத்துவிட்டது. இனி வெட்ட வேண்டும். 1875-ல் இயற்றப்பட்ட பிரிட்டனின் வெடிபொருள் சட்டம், வெடிமருந்துக் கட்டடத்திற்குள் செல்வோருக்குப் பை இல்லாத வேலை உடை வேண்டும் என்றது. நம் நாட்டு வெடிபொருள் விதிகளிலும் அந்த வரி இடம்பெற்றது. பையில் தீப்பெட்டியோ சாவியோ நாணயமோ உள்ளே போய்விடலாம் என்பதே அச்சம். தையல் அறிந்தவர் இன்னொன்றும் சொல்வார்: பை இருந்தால் அதில் மருந்துத் தூளும் சேரும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் சட்டையின் ஒவ்வோர் அங்கமும் மாறுகிறது. கையின் நுனியை மடித்துவிடக் கூடாது. மடிப்பில் தூள் தங்கும். ஓரங்கள் வெளியே தெரியாதபடி இரட்டை மடிப்புத் தையலாக மூடப்பட வேண்டும். இரும்பு ஹூக்கும் உலோகப் பொத்தானும் ஆகா. துணி நாடாவால் கட்டிக்கொள்ளலாம். தைக்கும் நூலும் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் நூலால் தைத்தால் தீயில் நூல் முதலில் உருகி, சட்டை பிரிந்து உடலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அளவு எடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தையற்காரர் நிற்க வைத்து அளவெடுப்பார். ஆனால் இவர்களோ நாள் முழுதும் சம்மணமிட்டு அமர்ந்து, முன்னே குனிந்து வேலை செய்பவர்கள். முழங்காலை மடக்கும்போது அங்குள்ள தோல் நீளவாக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. முதுகும் அக்குளும் அவ்வாறே இழுபடும். அங்கெல்லாம் போதிய லூஸ் விடாவிட்டால் துணி இறுகி அதிகம் உரசும். லூஸ் மிகுந்தாலோ தொங்கும் துணி மருந்தில் புரளும்.

கடைசியாக வெயில். தடித்த, நெருக்கமாக நெய்த துணி மெல்ல எரியும். ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அதைப் போட்டிருக்க யாரால் முடியும்? அணியாமல் மூலையில் தொங்கும் பாதுகாப்பு உடை யாரையும் காப்பதில்லை. பாதுகாப்பு, வசதி, விலை ஆகிய மூன்றையும் ஒரே துணியில் பொருத்துவதே வடிவமைப்பாளரின் வேலை.

சட்டையால் ஆகாதது

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய வெடிப்பின் முன் எந்தச் சட்டையும் நிற்காது. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, யார் கலக்குவது, அறைகளுக்கிடையே எவ்வளவு தூரம் என்ற விதிகளைக் காப்பதே முதல் பாதுகாப்பு. முதல் பொறி பிறக்காமல் தடுப்பதும், சிறு தீ ஆளைப் பற்றாமல் சில நொடிகள் தருவதும் மட்டுமே உடையின் பங்கு. அந்தப் பங்கு சிறிதாயினும், விதிகளோடு சேரும்போது உயிர் காக்கும்.

வேலை முடிந்ததும் அந்த உடையை ஆலையிலேயே கழற்றி, அங்கேயே துவைக்க ஏற்பாடு வேண்டும். மருந்துத் தூள் படிந்த சட்டையோடு வீட்டு அடுப்பின் முன் உட்காருவதும், குழந்தையைத் தூக்குவதும் ஆபத்து.

படிக்க விரும்புவோருக்கு

இழை இயற்பியல், சாய வேதியியல், உடல் அளவைக் கணிதம், தையல் பொறியியல் ஆகிய அனைத்தும் இந்தப் படிப்பில் அடங்கும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியிலும், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் துணித் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. 1986-ல் தில்லியில் தோன்றிய தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 1995-ல் சென்னையிலும் தொடங்கப்பட்டது. கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் ஆடை வடிவமைப்பில் பி.எஸ்ஸி. பட்டம் பெறலாம்.

இதற்கான மூலப் பொருள்கள் விருதுநகர் மாவட்டத்திலேயே உண்டு. இராசபாளையத்தில் நூற்பாலைகள், அருப்புக்கோட்டையில் நெசவு, சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி, தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கூடங்கள். 2023-ல் மத்திய அரசு அறிவித்த ஏழு பெரும் ஜவுளிப் பூங்காக்களில் ஒன்றுக்கு விருதுநகர் அருகே இ. குமாரலிங்கபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பருத்தியும் இங்கே, தறியும் இங்கே, தையல் இயந்திரமும் இங்கே. அந்தச் சட்டை தேவைப்படும் தொழிலாளியும் இங்கேதான் இருக்கிறார்.

நாளை இப்படிப்பில் சேரப்போகும் மாணவர் தம் முதல் வடிவமைப்பை எங்கே தேடுவது என்று மலைக்க வேண்டியதில்லை. காலை வேனில் ஏறும் அம்மாவோ அக்காவோ போட்டிருக்கும் பழைய சட்டையின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிப் பார்த்தால் போதும்.