புள்ளி பொய் சொல்லும்போது

மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறவர்களுக்கு ஒரு பல் வித்தியாசம்கூடத் தீராத தலைவலி. நிவாரணம் நான்கு துளைகளில் இருக்கிறது.

கார்களின் எதிர்காலத்தைச் சற்று முன்னதாகவே பார்த்துவிட்ட ஊர் ஹெப்பகோடி. பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வரும் இந்த ஊரை ஒட்டியுள்ள பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலிருந்துதான் ரேவா என்ற குட்டி எலெக்ட்ரிக் கார் 2001இல் விற்பனைக்கு வந்தது. பிஸ்டன், வால்வு, கேம்ஷாஃப்ட் எதுவும் இல்லாத கார். 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயிலும் ஊர் வழியாக ஓடுகிறது. லேத்து பட்டறைகளுக்கும் கிரைண்டிங் மிஷின்களுக்கும் இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஆனால் அறுபது வயதான ஒரு ஹெரால்டு இங்கே ஏதாவதொரு ஷெட்டுக்குள் வந்து நின்றால் கதை வேறு. உதிரிபாகத்தை அச்சு அசலாகக் கடைந்து கொடுத்துவிடலாம். கடைந்ததை எந்தக் கோணத்தில் பூட்டுவது என்பதுதான் சிக்கல்.

அம்பாஸடர் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில், ஃபியட் பம்பாயின் குர்லாவில், ஹெரால்டு மெட்ராஸை அடுத்த வண்டலூரில். லைசென்ஸ் ராஜ்ஜிய காலத்து இந்தியாவின் கார் வரைபடம் ஏறத்தாழ இவ்வளவுதான். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் இங்கே ஹெரால்டை அறிமுகப்படுத்தியது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவான்னி மிக்கலோட்டி வரைந்த உடல், 948 சி.சி. இன்ஜின். இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு மட்டுமே விற்ற காருக்கு நான்கு கதவுகள் வைத்தது மெட்ராஸ்தான். 1972இல் அதுவே உருமாறி கெஸல் ஆனது. அந்த தசாப்தத்தின் பிற்பகுதியில் அதுவும் நின்றது.

தொழிற்சாலை போய்விட்டது. கார்கள் போகவில்லை. சென்னை புதுப்பேட்டையிலும் பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும் பாகம் தேடி அலைகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு ஒரு புதிய காரணமும் சேர்ந்திருக்கிறது. முதல் பதிவு முடிந்து ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய கார்களைப் புராதன வாகனமாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021இல் விதி வகுத்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். நிபந்தனைகளில் முக்கியமானது, சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவை மாற்றியமைக்கப்படாமல் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது. “அந்தப் பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஒன்றை வைத்துவிடலாம் சார்” என்ற வழக்கமான பட்டறை யோசனை இந்த இடத்தில் செல்லாது. 948 சி.சி. இன்ஜின்தான் மூச்சு விட்டாக வேண்டும்.

அந்த மூச்சைக் கட்டுப்படுத்துவது கேம்ஷாஃப்ட். கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒரு சுற்றுச் சுற்றும். இரண்டையும் இணைப்பது டைமிங் செயின். பெட்ரோல் கலந்த காற்றை எப்போது உள்ளே விடுவது, எரிந்த புகையை எப்போது வெளியே தள்ளுவது என்பதெல்லாம் கேம்ஷாஃப்டின் முட்டை வடிவ மேடுகள் எந்தக் கோணத்தில் வால்வுகளைத் தூக்குகின்றன என்பதைப் பொறுத்தது.

கேம் சக்கரத்தில் 36 பற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செயினை ஒரு பல் தள்ளி மாட்டினால் கேம்ஷாஃப்ட் 10 டிகிரி விலகும். கிராங்க்ஷாஃப்ட் கணக்கில் அது 20 டிகிரி. பிந்திவிட்டால் உள்வால்வு தாமதமாக மூடும். மேலே வரும் பிஸ்டன், உறிஞ்சிய காற்றில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். கார் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், மேட்டில் இழுக்காது. முந்திவிட்டால் மெதுவாக ஓட்டும்போது குறை தெரியாது. வேகமெடுத்தால் மூச்சுத் திணறும். இரண்டிலும் பழி பெரும்பாலும் கார்புரேட்டர் மீதுதான் விழும். டிஸ்ட்ரிபியூட்டரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார்கள். தீப்பொறியின் நேரத்தை மாற்றலாம். வால்வின் நேரத்தை அதைக் கொண்டு மாற்ற முடியாது.

அம்பாஸடரிலும் மோரிஸ் மைனரிலும் இந்த வேலை எளிது. இரண்டு சக்கரங்களும் சாவிக்கட்டை வைத்து அந்தந்த ஷாஃப்டில் ஒரே நிலையில்தான் உட்காரும். இரண்டிலும் உள்ள புள்ளிகளை எதிரெதிராக, ஷாஃப்டு மையங்களை இணைக்கும் கோட்டில் நிறுத்தி செயினை மாட்டினால் தீர்ந்தது. இந்த வழக்கத்தில் கை பழகியவர் ஹெரால்டைத் திறக்கும்போதுதான் தடுமாறுகிறார். இதன் கேம் சக்கரத்துக்குச் சாவி கிடையாது. இரண்டு போல்ட்டுகள் மட்டுமே. சக்கரத்தில் துளைகளோ நான்கு.

தொழிற்சாலையில் சரியாகப் பூட்டிய பிறகு சக்கரங்களின் மேல் கோடும், ஷாஃப்டின் முனையில் சுத்தியல் புள்ளியும் போட்டார்கள். அதே சக்கரமும் அதே ஷாஃப்டும் ஜோடியாக இருக்கும்வரை அந்த அடையாளம் சத்தியம். வேறொரு காரிலிருந்து கழற்றிய சக்கரத்தை மாட்டினால் புள்ளி பொய் சொல்லும். அறுபது ஆண்டுகளில் எத்தனை கைகள் மாறியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாத நிலையில், புள்ளியை நம்பாமல் அளந்து பார்ப்பதே உத்தமம்.

அளக்கும் முறைக்கு டிகிரி வட்டுகூட அவசியமில்லை. முதலில் 1, 4 ஆம் பிஸ்டன்களைச் சரியாக உச்சியில் நிறுத்த வேண்டும். உச்சிக்கு அருகில் கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசையாததுபோலவே தோன்றும். கண்ணை நம்பினால் ஏமாற்றம்தான். டயல் கேஜ் வைத்து, உச்சிக்கு முன்னும் பின்னும் பிஸ்டன் ஒரே அளவு தாழ்ந்திருக்கும் இரண்டு இடங்களை கப்பியில் குறித்து, நடுவில் நிறுத்துவதே முறை.

அடுத்து, நாலாவது சிலிண்டருக்குரிய 7, 8 ஆம் வால்வுகளின் டாப்பெட் இடைவெளியைத் தற்காலிகமாக 40 தௌ, அதாவது சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆக்க வேண்டும். செயின் மாட்டாத நிலையில் கேம்ஷாஃப்டை மெல்லத் திருப்பினால், ஒரு வால்வு மூடி முடிக்க, மற்றது திறக்கத் தொடங்கும் இடம் வரும். ஃபீலர் கேஜை இரண்டிலும் மாறி மாறி நுழைத்து, இடைவெளி இரண்டிலும் சமமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். உள்வால்வு உச்சிக்கு 10 டிகிரி முன்பு திறந்து, புகைவால்வு 10 டிகிரி பின்பு மூடுகிறது என்றால், உச்சியில் இரண்டும் ஒரே அளவில்தானே இருக்கும்? தராசின் இரண்டு தட்டுகள் மாதிரி.

இப்போது இரண்டு ஷாஃப்டுகளும் அசையாமல் செயினையும் சக்கரங்களையும் மாட்ட வேண்டும். துளைகள் போல்ட் இடத்தோடு ஒத்துவராவிட்டால்? நான்கு துளைகள் வைத்ததன் சூட்சுமம் இங்கேதான். அவை பற்களின் மையத்திலிருந்து சற்றே விலகி இடப்பட்டவை. சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பி அடுத்த ஜோடித் துளைகளில் பூட்டினால் அரைப் பல் மாறும். முன்பக்கம் பின்பக்கமாகப் புரட்டிப் போட்டால் கால் பல். புரட்டிக் கால் சுற்றும் திருப்பினால் முக்கால் பல். அந்த 36 பல் கணக்கில் கால் பல் என்பது கிராங்கில் 5 டிகிரி. விலை உயர்ந்த கருவி எதுவுமின்றி இவ்வளவு நுணுக்கத்தை ஒரு சாதாரணக் குடும்பக் காரில் வைத்திருக்கிறார்கள்.

போல்ட்டுகளை முறுக்கியதும் வேலை முடிந்துவிடாது. கிராங்க்ஷாஃப்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மீண்டும் உச்சியில் நிறுத்தி, இரண்டு இடைவெளிகளையும் திரும்ப அளக்க வேண்டும். தொங்கிப்போன பழைய செயின் கேம்ஷாஃப்டைத் தாமதப்படுத்தும் என்பதால் செயினில் கஞ்சத்தனம் கூடாது. எல்லாம் ஒத்துவந்த பிறகு பூட்டுத் தகட்டை மடித்துவிட்டு, எட்டு டாப்பெட்டுகளையும் குளிர்ந்த நிலையில் 10 தௌவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மேடுகள் ஒரே சீராக இருந்தால்தான் தராசு நேராக நிற்கும். தேய்ந்துபோன கேம்ஷாஃப்டில், அல்லது பற்றவைத்துப் புதிதாகக் கடைந்து இரு மேடுகளும் ஒன்றுபோல் அமையாததில் சம இடைவெளி தவறான இடத்தைக் காட்டும். அப்போது டிகிரி வட்டை மாட்டி, வால்வு திறக்கும் மூடும் கோணங்களை ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்க்க வேண்டியதுதான்.

பானெட்டை மொத்தமாக முன்னால் கவிழ்த்துவிட்டு முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்பது ஹெரால்டு மெக்கானிக்குகளுக்குக் கிடைத்த வரம். அந்த வசதியில் இன்னும் ஐந்து நிமிடம் செலவிட்டால் ஒரு புண்ணிய காரியமும் செய்துவிடலாம்: பழைய புள்ளிகளை அரத்தால் அழித்துவிட்டு, சரிபார்த்த நிலையில் இரண்டு சக்கரங்களிலும் ஷாஃப்டிலும் புதிய கோடு கீறி வைப்பது. அடுத்த முறை இந்த இன்ஜினைத் திறக்கப்போகிறவர் ஒருவேளை கேம்ஷாஃப்டையே பார்த்திராத தலைமுறையைச் சேர்ந்தவராக இருக்கலாம். அவருக்கு அந்தக் கோடு உதவும்.