வீட்டுக்குள் ஒரு தியேட்டர் – 14: ஞாபகம் வைத்துக்கொள்ளும் கண்ணாடி

போன வாரம் அறையை இருட்டாக்கி முடித்தோம். ஜன்னலுக்குக் கனத்த திரை, சுவருக்குப் பளபளக்காத பெயின்ட். இந்த வாரம் பிளாஸ்மா டிவி வாங்குவதாகப் பேச்சு: எந்த வகை, எத்தனை அங்குலம், எவ்வளவு தள்ளி உட்காருவது.

எழுத உட்கார்ந்த நேரத்தில் ஜப்பானிலிருந்து செய்தி வந்தது. டிவி தொழிலை விட்டே விலகுவதாக பயனியர் நிறுவனம் 2009 பிப்ரவரி 12-ம் தேதி அறிவித்துவிட்டது. இந்தத் தொடரில் கறுப்பைப் பற்றி நான் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். 2009 வரை வந்த தட்டை டிவிகளில் கறுப்பைக் கறுப்பாகக் காட்டுவதில் பயனியரின் 'குரோ' பிளாஸ்மாவுக்கு இணையாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை. 2007-ல் வந்தது, இரண்டே வருடத்தில் மூடுவிழா. நல்ல பொருளுக்கு ஆயுசு குறைவாகிப்போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

குரோ என்றால் ஜப்பானிய மொழியில் கறுப்பு. நம்முடைய 'கரு'வுக்குப் பக்கத்து வீடு போல ஒலிக்கிறது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடினார்; 2008 ஜூலையில் காலமானார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு டிவியின் பெயரில் இந்த ஒலியைக் கேட்டதும் எனக்கு அவர் நினைவு வந்தது.

கறுப்பு ஏன் இவ்வளவு கஷ்டம் என்று தேடிப்போனேன். தேடல் 1964-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்டது. பிளாஸ்மா திரை பிறந்த இடம் அதுதான். அதைச் செய்தவர்களுக்கு டிவி பற்றிய யோசனையே கிடையாது! டொனால்ட் பிட்ஸர், ஜீன் ஸ்லாட்டோ, அவர்களிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த ராபர்ட் வில்சன் ஆகிய மூவரும் பிளேட்டோ என்ற கணினிக் கல்வித் திட்டத்துக்கு ஒரு திரை தேடிக்கொண்டிருந்தார்கள். பழைய பிக்சர் டியூபில் எழுதியது கண நேரத்தில் மங்கிவிடும். விநாடிக்குப் பல தடவை திரும்பத் திரும்ப வரைய வேண்டும். அப்படி வரைய, படத்தை எங்காவது சேமித்து வைக்க நினைவகம் வேண்டும். அந்தக் காலத்தில் கணினி நினைவகம் யானை விலை.

அவர்கள் கண்ட வழி என்னை இந்த வாரம் முழுக்கத் தூங்கவிடவில்லை. திரையையே நினைவகமாக்கிவிட்டார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே குட்டிக் குட்டி அறைகள், அவற்றில் வாயு. மின்னழுத்தம் கொடுத்தால் வாயு ஒளிரும். ஒளிரும்போதே கொஞ்சம் மின்னூட்டம் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து மின்சாரம் திசை மாறி வரும்போது, ஒட்டியிருப்பதும் வருவதும் கூடி அந்த அறை மறுபடி எரியும். முன்பு எரியாத அறைக்கு இந்தக் கூட்டு கிடையாது. வருகிற மின்னழுத்தம் மட்டும் அதைப் பற்றவைக்கப் போதாது. ஆக, எரிந்தது எரிந்துகொண்டே இருக்கும், இருண்டது இருண்டே இருக்கும். அழி என்று சொன்னால்தான் அழியும். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த பிளேட்டோ திரையில் பக்கத்துக்கு 512 வீதம் 2,62,144 ஆரஞ்சுப் புள்ளிகள், அத்தனையும் தாமாகவே ஞாபகம் வைத்துக்கொள்ளும் புள்ளிகள். விரலால் தொட்டால் புரிந்துகொள்ளும் வசதி கூட அதில் இருந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்கு எம்மி விருது வந்து சேர 2002 ஆயிற்று.

டிவியாக வந்த பிளாஸ்மாவும் அதே குடும்பம்தான். வாயு நியானும் செனானும் கலந்தது. அது புற ஊதாக் கதிர் விட, அறையின் உட்பூச்சு சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிர்கிறது. நம் வீட்டு டியூப்லைட் எரிவதும் இப்படித்தான். ஒரு ஃபுல் எச்டி திரையில் இப்படி 62 லட்சத்துக்கு மேல் குட்டி டியூப்லைட்டுகள். ஒவ்வொன்றும் எரியும், அல்லது அணையும்; பாதி வெளிச்சம் என்பது அதற்குத் தெரியாது. அதனால் ஒரு காட்சியைப் பல துண்டு நேரங்களாகப் பிரித்து, எத்தனை தடவை மினுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் சாம்பல் நிறம் காட்டுகிறார்கள். கறுப்பின் சிக்கலும் இங்கேதான். அறை சொன்னவுடன் பற்றிக்கொள்ள, இருட்டிலும் அதை லேசாக மினுக்கித் தயாராக வைக்க வேண்டும். அந்த மினுக்கல்தான் கறுப்பைச் சாம்பலாக்குகிறது. அதை ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைத்ததுதான் குரோவின் சாதனை.

இதை நேரில் பார்க்க, தி.நகரில் ஒரு கடைக்கு 'நாயகன்' டிவிடியோடு போனேன். பி.சி. ஸ்ரீராமுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம்; நம் சினிமாவில் இருட்டை நம்பி ஒளிப்பதிவு செய்தவர்களில் முதல் வரிசை அவருக்கு. கடையில் தலைக்கு மேல் வரிசையாக டியூப்லைட்டுகள்.

"தம்பி, இந்த வரிசையை மட்டும் அணைக்க முடியுமா?"

"மேனேஜர் திட்டுவார் சார்."

"ரெண்டே நிமிஷம்ப்பா."

அணைத்தார். அதுவரை பளிச்சென்று இருந்த எல்சிடியில், இருட்டுச் சுவரும் தலைமுடியும் ஒரே நீலச் சாம்பலாகக் கலந்தன. பின்னால் எப்போதும் விளக்கு எரிவதால் வெளிச்சம் கசிகிறது. பக்கத்து பிளாஸ்மாவில் மேலிருந்து விழுந்த வெளிச்சம் பாதி முகத்தோடு நின்றது; மீதி இருட்டிலும் முடி தனியாக, சுவர் தனியாகத் தெரிந்தது. அந்தத் தம்பியும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். விளக்கு திரும்ப எரிந்ததும் பிளாஸ்மா கண்ணாடியில் டியூப்லைட் வரிசைதான் தெரிந்தது. கடை வெளிச்சத்தில் பிளாஸ்மா தோற்கும், இருட்டறையில் ஜெயிக்கும். 2009-ல் வாங்குவதென்றால், அறையை இருட்டாக்கியவருக்குப் பிளாஸ்மாதான் சரி. பகல் வெளிச்சம் கொட்டும் ஹால் என்றால் எல்சிடி போதும்.

ஒரு எச்சரிக்கை. என் மச்சான் வீட்டு பிளாஸ்மாவில் நாள் முழுக்கச் செய்தி சேனல் ஓடியது. இப்போது எந்தப் படம் போட்டாலும் மூலையில் அந்தச் சேனலின் முத்திரை பேய் மாதிரி நிற்கிறது. அறையின் உட்பூச்சு எரிய எரியத் தேயும். ஒரே இடம் அதிகம் எரிந்தால் அங்கே மட்டும் தேய்ந்து தழும்பாகும். 2009-ல் நம் சேனல்கள் பழைய சதுர வடிவில்தான் வந்தன; இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு மாதக்கணக்கில் பார்த்தாலும் இதே கதிதான். சீரியலுக்குப் பழைய டிவியே இருக்கட்டும். புது பிளாஸ்மாவுக்கு முதல் 100 மணி நேரம் கான்ட்ராஸ்டைக் குறைத்தே வையுங்கள்.

எச்டி பற்றிச் சுருக்கமாக: 42 அங்குல 'எச்டி ரெடி' பிளாஸ்மா பலவற்றில் 1024-க்கு 768 புள்ளிகள்தான். அகலத் திரையில் அந்தக் கணக்கு பொருந்துவதற்காகப் புள்ளியையே அகலமாக்கியிருப்பார்கள். ப்ளூ-ரே தருவதோ 1920-க்கு 1080, அதாவது ஃபுல் எச்டி. ப்ளூ-ரே வாங்கும் எண்ணம் இருந்தால் ஃபுல் எச்டிக்குப் போங்கள்.

எத்தனை அங்குலம், எவ்வளவு தூரம் என்பதற்கு இந்த வாரம் இடம் இல்லை. அடுத்த வாரம் கட்டாயம். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். சோபாவில் உங்கள் தலை சாயும் இடத்திலிருந்து டிவி மாட்டப்போகும் சுவர் வரை டேப் பிடித்து அளந்து, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.