கொச்சி வீட்டு ஒயினும் பிரெஞ்சுக் குடும்ப ஒயினும்: ஒன்று பாரம்பரியம், இன்னொன்று குற்றமா?

எர்ணாகுளம் மரைன் டிரைவிலிருந்து கோஸ்ரீ பாலம் ஏறினால் சில நிமிடங்களில் வல்லார்பாடம் வந்துவிடும். ஒரு பக்கம் மாதா பசிலிக்கா, இன்னொரு பக்கம் 2011-ல் திறந்த கன்டெய்னர் முனையம். உங்கள் அலுவலகத்தில் இந்தப் பக்கத்து கிறிஸ்தவ நண்பர் யாராவது இருந்தால், டிசம்பர் கடைசியில் கேக்கோடு ஒரு பாட்டிலும் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். "அம்மச்சி போட்டது" என்பார். அடர் சிவப்பு, நல்ல இனிப்பு, கூடவே பட்டை கிராம்பு வாசனை.

அந்த பாட்டில் சட்டப்படி என்ன தெரியுமா? அனுமதியில்லாமல் தயாரித்த மது.

ஆனால் பிரான்ஸில் ஒரு குடும்பம் இதையே வீட்டுக்குக் கீழே உள்ள பாதாள அறையில் செய்து, தன் பெயரை ஒட்டி உலகம் முழுக்க விற்கிறது. வித்தியாசம் எங்கே வருகிறது?

பரணிக்குள் என்ன நடக்கிறது?

கொச்சி முறை எளிது. கருப்பு திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, 'பரணி' எனப்படும் பீங்கான் ஜாடியில் போடுவார்கள். அதோடு சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர், கொஞ்சம் ஈஸ்ட், பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை. வாயைத் துணியால் கட்டி, தினமும் மரக்கரண்டியால் ஒரு முறை கிளறுவார்கள். பெரும்பாலான வீடுகளில் 21 நாள் கணக்கு. பிறகு வடிகட்டித் தெளியவிட வேண்டும்.

கோதுமை எதற்கு என்று கேட்டால் "பாட்டி போட்டாங்க, நாங்களும் போடுறோம்" என்பதுதான் பதில். பாட்டி செய்தது சரிதான். ஈஸ்ட் வளரத் தேவையான சத்து அதிலிருந்து கிடைக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் தருகிறது. ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் 1% ஆல்கஹால் கிடைக்கும். ஏறத்தாழ 14, 15 சதவீதம் வந்ததும் ஈஸ்ட் பெரும்பாலும் செத்துவிடும். மிஞ்சிய சர்க்கரை அப்படியே தங்கிவிடுவதால்தான் கொச்சி ஒயின் பாயசம் மாதிரி இனிக்கிறது.

இங்கே ஒரு பயத்தையும் தீர்த்துவிடலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். திராட்சையை வெறுமனே புளிக்கவைத்தால் மெத்தனால் மிகச் சிறிய அளவில்தான் உண்டாகும். வீட்டு ஒயினில் உண்மையான ஆபத்து வேறு. அழுக்கு ஜாடியில் பூஞ்சை வரும். நொதித்தல் முடியும் முன் இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

பிரெஞ்சுக் குடும்பம் என்ன செய்கிறது?

அல்சாஸ் பகுதியில் ரிக்விர் என்று ஒரு சிற்றூர். அங்கே ஹூகெல் குடும்பம் 1639-லிருந்து இருக்கிறது. பன்னிரண்டு தலைமுறைக்கு மேல் ஒரே தொழில். அவர்களுடைய பாதாள அறையில் 1715-ல் செய்த ஒரு மரப்பீப்பாய் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதற்குப் பெயரே உண்டு: செயின்ட் கேத்தரீன். 1871-க்கும் 1945-க்கும் இடையில் அல்சாஸ் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் நான்கு முறை கைமாறியது. பீப்பாய் நின்ற இடத்திலேயே நின்றது.

அங்கே கொடி குளிர்காலத்தில் உறங்குகிறது, அதனால் வருடத்துக்கு ஒரே அறுவடை. அந்த வருட வெயிலும் மழையும் அந்த வருட ஒயினில் தெரியும். லேபிளில் வருடம் போடுவது அதனால்தான். திராட்சை கொடியிலேயே நன்கு பழுத்துவிட்டால் வெளியிலிருந்து சர்க்கரை தேவைப்படாது. குளிரான பகுதிகளில் அளவோடு சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது, அதுவும் கணக்கோடு.

நம் பக்கம்? குமுளிக்குக் கீழே இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அங்கே விளைகிறது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். குளிர்காலமே இல்லாததால் கவாத்து செய்து, வருடம் முழுக்கக் காய்க்க வைக்கிறார்கள். சாப்பிடுவதற்கு அருமையான பழம். ஆனால் ஒயினுக்கு சர்க்கரை பத்தாது. அம்மச்சி கை நிறைய அள்ளிப் போடுவது ருசிக்காக மட்டுமல்ல.

பிரெஞ்சுக் குடும்பங்களுக்கும் பிரச்னை உண்டு. நெப்போலியன் காலச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு என்றது. அதனால் பர்கண்டியில் 'க்ளோ த வூஜோ' என்ற ஏறத்தாழ 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு இன்று சுமார் 80 சொந்தக்காரர்கள். நம் ஊர் பாகப்பிரிவினையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சட்டம்?

1935-ல் பிரான்ஸ் ஒயினுக்கு ஊர்ப்பெயர் உரிமை முறையைக் கொண்டுவந்தது. எந்த ஊர்ப் பெயரை யார் போடலாம், எந்த ரகம், ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல் என எல்லாவற்றுக்கும் விதி. அந்த விதிக்குள் நின்றால் சின்னக் குடும்பமும் தன் வாசலிலேயே விற்கலாம். வரி பாட்டிலுக்குச் சில சென்ட்தான்.

கேரளத்தில் அப்காரி சட்டத்தின் 55-ஆம் பிரிவு, உரிமமில்லாத மது தயாரிப்புக்கு 10 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஒரு லட்ச ரூபாய் அபராதமும் விதிக்கிறது. சாராயம் காய்ச்சுபவருக்கும் அம்மச்சிக்கும் தனித்தனிப் பிரிவு இல்லை. 2019 டிசம்பரில் எக்சைஸ் துறை இதை நினைவூட்டி சுற்றறிக்கை அனுப்பியபோது கிறிஸ்துமஸ் வீடுகளில் பெரிய சலசலப்பு. தேவாலயத் திருப்பலி ஒயினுக்குத் தனி உரிமம் இருக்கிறது. 2022-ல் பழங்களிலிருந்து ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்கும் விதிகள் வந்தன. பரணி மட்டும் இரண்டிலும் சேரவில்லை.

வினோதம் என்னவென்றால், இந்தக் கரைக்கு ஒயின் புதிதே அல்ல. வல்லார்பாடத்துக்கு வடக்கே பட்டணம் அகழாய்வில் ரோமானிய ஒயின் ஜாடிகளின் உடைசல்கள் குவியலாகக் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு சொல்கிறது. அப்போது இறக்குமதி வரி எவ்வளவோ! நம் காலத்தில் வெளிநாட்டு ஒயினுக்கு நெடுநாள் 150% சுங்கவரி இருந்தது.

நண்பர் கொடுத்தால் என்ன செய்வது?

பெரும்பாலும் இரண்டு கிளாஸ் வீட்டு ஒயினுக்காக யாரும் கதவைத் தட்டுவதில்லை. விற்றால், ஆன்லைனில் விளம்பரம் போட்டால் கதை வேறு. ஊருக்கு எடுத்து வரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வாளையார் தாண்டினால் 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் காத்திருக்கிறது. அதோடு, இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் பாட்டிலை இறுக்கி மூடி ரயில் பையில் வைத்தால், செக்போஸ்ட் வரும் முன்பே அது வெடித்து உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.